ஹவுஸ்ஃபுல் அக்காவும் சுற்றுகிற அம்பும்

ஹவுஸ்ஃபுல் அக்காவின் முகம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கை தெரியும். தியேட்டரின் டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. வெளியிலிருந்து ஒரு கை உள்ளே வரும். உள்ளேயிருந்து, கட்டை விரலில் மை அப்பிய இன்னொரு கை டிக்கெட்டைக் கிழித்து நீட்டும். அதற்கப்புறம் குரல். "ஹவுஸ்ஃபுல்!" என்று அக்கா உள்ளேயிருந்து ஒரு சத்தம் கொடுத்தால், வரிசையின் கடைசியில் நிற்கிறவர் மறுபேச்சுப் பேசாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். பெயர் வந்தது அப்படித்தான்.

கல்யாணமான புதிதில் அந்த ஓட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர் அக்கா. மகள் பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போன பிறகும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அவருடைய வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் பார்க்கிறவர், சாது. வீட்டில் விளையாட்டுக் காட்ட ஆள் போதாததாலோ என்னவோ, அக்கா தன் குறும்பையெல்லாம் தியேட்டரில் வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் யார் எந்த சீட்டில் உட்கார வேண்டும் என்பது அக்கா கையில் இருந்தது. ஓட்டைக்குள் நுழையும் கையைப் பார்த்ததுமே ஆளைத் தெரிந்துகொள்வார். வாடகை பாக்கி வைத்தவரையும் வீட்டுச் சொந்தக்காரரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைப்பார். படம் முழுக்க அடுத்து என்ன நடக்கும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் மருந்துக்கடைக்காரரைத் தூணுக்குப் பின்னால் போடுவார். சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியாகப் படத்துக்கு வந்த கணவன் மனைவிக்கு, தெரியாத்தனமாகக் கொடுத்ததுபோல, அடுத்தடுத்த சீட்டைக் கொடுத்துவிட்டு இடைவேளையில் எட்டிப் பார்ப்பார். ஒரே பொட்டலத்தில் இரண்டு பேரும் கடலை தின்றுகொண்டிருந்தால் அன்றைக்கு அக்காவுக்கு வேலை செய்த அலுப்பே தெரியாது.

அந்த ஓட்டையை ஒருநாள் செங்கல் வைத்து அடைத்தார்கள்.

அடைத்தது மேனேஜர். தியேட்டர் முதலாளியின் மருமகன், புதிதாக வந்தவர். பவுடர் வாசனையும் இஸ்திரி மடிப்புமாக வந்து நின்று, "இனிமே எல்லாரும் வெப்சைட்லயே டிக்கெட் எடுத்துக்குவாங்க அக்கா. அவங்களே சீட் பாத்துக்குவாங்க. போன்ல கேக்கறவங்களுக்கு மட்டும் நீங்க கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தா போதும்" என்றார்.

"அவங்களே சீட் பாத்துக்குவாங்களா?" என்றார் அக்கா. மற்றது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மேனேஜர் அறையிலேயே மூலையில் இருந்த கம்ப்யூட்டரை இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. காலையில் அவர், மதியத்திலிருந்து அக்கா. டைப்ரைட்டிங் படித்தவர் என்பதால் அக்காவுக்கு எழுத்தடிப்பது பிரச்சினையில்லை. பிரச்சினை வேறு. தவறி எதையாவது தொட்டு வேறு பக்கத்துக்குப் போய்விட்டால், திரும்பி வர வழி தெரியவில்லை. ஒருமுறை விளம்பரம் ஒன்றின்மேல் கை பட்டுவிட, மெத்தை விற்கிற கடைக்குள் போய் மாட்டிக்கொண்டார். எங்கே தொட்டாலும் மெத்தை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, எழுந்துபோய்ச் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தார். மறுபடி போட்டார். மேனேஜர் சொல்லிக்கொடுத்தபடி முதலிலிருந்து ஆரம்பித்து வேலை பார்க்கும் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கமாயிற்று. வழி தவறினால் ஸ்விட்ச். மேனேஜர் இரண்டு தடவை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "இந்த ரூம்ல மட்டும் கரன்ட் நிக்க மாட்டேங்குது" என்று காட்டினார். எலெக்ட்ரீஷியன் வந்து ஒயரையெல்லாம் பிரித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். அக்காவும் பக்கத்தில் நின்று கவலையாகத் தலையாட்டினார்.

அக்காவின் குட்டைக் கண்டுபிடித்தவர் ஆப்பரேட்டர். மேலே புரொஜெக்டர் ரூமில் படம் ஓட்டுகிறவர். அக்காவுடன் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். வயதில் மூத்தவராக இருந்தும் அக்காவை "அக்கா" என்றே கூப்பிடுவார். அதற்குப் பழிவாங்க அக்கா அவரை "தம்பி" என்பார். படச்சுருள் போய் எல்லாம் கம்ப்யூட்டர் ஆன பிறகு, வேறு வழியில்லாமல் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டவர். ஏதோ கேட்கக் கீழே வந்தவர், அக்கா ஸ்விட்சைப் போட்டு அணைப்பதைக் கையும் களவுமாகப் பார்த்துவிட்டார்.

"என்னக்கா பண்றீங்க?"

"வேற பக்கத்துக்குப் போயிட்டேன் தம்பி. வெளிய வரேன்."

"வெளிய வர்றதுக்கு வீட்டையே இடிப்பாங்களா? உக்காருங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மேல இடது மூலையைப் பாருங்க. என்ன தெரியுது?"

"ஒரு அம்பு இந்தப் பக்கம், ஒரு அம்பு அந்தப் பக்கம். ஒண்ணு வாலைக் கடிக்கிற நாய் மாதிரி சுத்திக்கிட்டு இருக்கு. அப்புறம் ஒரு வீடு."

"அவ்வளவுதான். இடது அம்பு, வந்த வழியே ஒரு அடி பின்னாடி. வலது அம்பு, பின்னாடி போனது போதும்னா திரும்ப முன்னாடி. வீட்டை அமுக்கினா நீங்க எங்க இருந்தாலும் நம்ம தியேட்டர் பக்கம் வந்துடும். சுத்துறது, பக்கம் அப்படியே நின்னுபோச்சுன்னா மறுபடி கொண்டு வரச் சொல்றது."

"இவ்வளவு நாள் இது இங்கயேவா இருந்துச்சு?"

"உங்க மூக்குக்கு முன்னாடிதான்."

"எனக்கு மூக்குக்கு முன்னாடி எப்பவும் ஓட்டைதானே இருந்துச்சு" என்றார் அக்கா.

ஆப்பரேட்டர் மாடிக்குப் போன பிறகு அக்கா இடது அம்பை அமுக்கிப் பார்த்தார். முந்தைய பக்கம் வந்தது. வலது அம்பு; திரும்பி வந்தார். ஆற்றுப் பாலத்தில் இங்குமங்கும் ஓடும் குழந்தைபோல நாலைந்து தடவை போய்வந்தார். பயம் விட்டுப்போயிற்று. பயம் விட்டுப்போன அக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை.

மறுநாள் மதியம் உட்கார்ந்தபோது, மேனேஜர் காலையில் பார்த்துவிட்டு மூடாமல் போன பக்கம் அப்படியே இருந்தது. ஒன்றும் விசேஷமில்லை, செய்தித்தாள். இடது அம்பு அக்காவைப் பார்த்தது. அக்கா அம்பைப் பார்த்தார். கதவையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு அமுக்கினார்.

'மாமனாரிடம் குரல் நடுங்காமல் பேசுவது எப்படி?' என்று கொட்டை எழுத்தில் ஒரு பக்கம் வந்தது.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னும் ஒரு அமுக்கு. 'குள்ளமானவர்களை உயரமாகக் காட்டும் ஷூ வகைகள்.' அதற்கும் முன்னால் போகலாம்தான். ஆனால் சிரிப்பு வெளியே கேட்டுவிடும்போல இருந்தது. வலது அம்பை இரண்டு தடவை அமுக்கி, செய்தித்தாளை இருந்த இடத்தில் இருந்தபடி வைத்துவிட்டு, போனை எடுத்து மிகுந்த மரியாதையுடன் யாருக்கோ டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வாரம் மேனேஜர் கனத்த அடிப்பாகம் வைத்த ஷூவில் டக் டக்கென்று வந்தார்.

"சார், இன்னிக்கு நீங்க கொஞ்சம் ஓங்கித் தெரியறீங்க" என்றார் அக்கா.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "அப்படியா அக்கா? யாரும் சொல்லலையே!"

பாவம், அவரைக் குறை சொல்வதற்கில்லை. மாமனார் என்றால் அவருக்கு அவ்வளவு பயம். முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது திடீரென்று வந்து, ஆள் இல்லாத வரிசைகளைப் பார்த்தபடி நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். தொண்டையை மட்டும் செருமுவார். அந்தச் செருமலுக்கு மேனேஜருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

இந்த நிலைமையில்தான் மழைப் படம் வந்தது. ஒரு கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒருவரைப் பற்றிய படம். இடைவேளைவரை மழை பெய்யும். இடைவேளைக்குப் பிறகு மழை கொஞ்சம் குறையும். பேச்சு மிகமிகக் குறைவு. ஏதோ பரிசு வாங்கிய படம் என்று மேனேஜர் ஆசையாகக் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் பார்க்க வந்தவர்களைவிட சீட் துடைக்க வந்தவர்கள் அதிகம். அந்த ஞாயிறு மதியக் காட்சிக்கு முதலாளி வரப்போகிறார் என்று செய்தி வந்தபோது மேனேஜரின் உயரமெல்லாம் ஷூவுக்குள்ளேயே இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையிலேயே தலைவலி என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று மதியம் டிராயிங் மாஸ்டர் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுப்பவர். அந்த ஊரில் மழைப் படத்தை விரும்பிப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"எங்க ஓவியச் சங்கத்துல இருந்து இருபது பேர் வர்றோம் அக்கா. ஞாயிறு மதியம்."

"இருபது பேரா? அந்தப் படத்துக்கா?" என்று அக்கா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, பெயரையும் எண்ணிக்கையையும் அடித்து, பதிவு செய் என்ற இடத்தைத் தொட்டார். சீட்டை அதுவே பார்த்து ஒதுக்கும்.

பக்கம் அசையவில்லை. நடுவில் ஒரு வளையம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்பென்றால் ஸ்விட்சுக்குப் போயிருப்பார். இப்போதுதான் படித்தவராயிற்றே, சுற்றுகிற அம்பை அமுக்கினார். உடனே ஒரு பெட்டி எழும்பி, அதே விவரத்தை மறுபடியும் அனுப்பட்டுமா என்று கேட்டது. இவ்வளவு பணிவாகக் கேட்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரி என்றார். மறுபடி வளையம். மறுபடி அம்பு. மறுபடி பெட்டி. சரி. நடுவில் இடது அம்பில் ஒரு அடி பின்னால் போய், வலது அம்பில் முன்னால் வந்து பார்த்தார். அதற்கும் பெட்டி வந்தது, அதற்கும் சரி என்றார். ஒவ்வொரு சரியும் ஓவியச் சங்கத்துக்கு இன்னொரு இருபது சீட் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அலுத்துப்போய்க் கடைசியில் வீட்டுப் படத்தை அமுக்கினார். தியேட்டர் பக்கம் வந்தது. ஞாயிறு மதியக் காட்சிக்கு நேராகச் சிவப்பில் ஒரே ஒரு வார்த்தை மின்னியது: ஹவுஸ்ஃபுல்.

அக்கா எழுந்து ஓடினார். மாடிப்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தார். ஆப்பரேட்டர் சாப்பாட்டுக் கையோடு இறங்கி வந்து திரையைப் பார்த்தார். சீட் படம் முழுக்கச் சிவப்பு. தூணுக்குப் பின்னால் இருக்கும் சீட்கூடச் சிவப்பு.

"தியேட்டர் மொத்தமும் டிராயிங் மாஸ்டர் பேர்ல இருக்கே! என்னக்கா பண்ணீங்க?"

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, நின்னுபோனா சுத்துற அம்பை அமுக்குன்னு."

"ஒரு தடவை அமுக்கச் சொன்னேன்! அதுவும் டிக்கெட் போடும்போது அமுக்கவே கூடாது!"

"அந்த ரெண்டாவது பாதியை நீங்க சொல்லவே இல்லையே."

ஆப்பரேட்டர் சாப்பாட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். நியாயம் அக்கா பக்கம்தான். "சரி, விடுங்க. இப்பவே எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடலாம்" என்று மவுசை எடுத்தபோது போன் அடித்தது.

மருந்துக்கடைக்காரர். "அக்கா, வெப்சைட்டைப் பாத்தேன். அந்த மழைப் படம் ஹவுஸ்ஃபுல்லாமே? அப்படி என்ன இருக்கு அதுல?"

அக்கா ஆப்பரேட்டரைப் பார்த்தார். மவுசின் மேல் இருந்த அவருடைய கையை மெல்ல எடுத்து நகர்த்தி வைத்தார். "ஆமாங்க, ஹவுஸ்ஃபுல்" என்றார். எத்தனையோ மாதங்களாக வாயில் வராமல் இருந்த சொல்; சொல்லும்போதே தொண்டைக்கு இதமாக இருந்தது. "என்ன இருக்குன்னு நான் சொல்லக் கூடாது. வேணும்னா ஒரே ஒரு சீட் எங்கயாச்சும் கிடைக்குதான்னு பாக்கறேன். உறுதி சொல்ல மாட்டேன்."

போனை வைத்தார். அது உடனே மறுபடி அடித்தது.

"தம்பி, ஒவ்வொரு சீட்டா பேர் மாத்த முடியுமா?"

"முடியும். ஆனா அக்கா, இது..."

"எங்க மாத்தணும், காட்டுங்க."

அன்றைக்கும் மறுநாளும் அக்கா எழுந்திருக்கவில்லை. ஹவுஸ்ஃபுல் என்ற சிவப்பு எழுத்து அப்படியே மின்னிக்கொண்டிருக்க, கேட்டவர்களுக்கெல்லாம் முதலில் இல்லை என்றார். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு, "உங்களுக்காக ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், வெளிய சொல்லாதீங்க" என்றார். வெளியே சொல்லாதே என்றது ஊர் முழுக்கப் பரவிற்று. டிராயிங் மாஸ்டர் பெயரில் அவருக்குரிய இருபது போக, மீதிச் சிவப்பு ஒவ்வொன்றாக வேறு பெயருக்கு மாறியது. எந்தப் பெயர் எந்த சீட் என்று முடிவு செய்தது மறுபடியும் அக்காதான். அந்த சுகத்தைச் சொல்லி மாளாது. கடன் சண்டையில் பேச்சை நிறுத்திய அண்ணனையும் தம்பியையும் நடு வரிசையில் போட்டார். மருந்துக்கடைக்காரர் வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால்.

சனிக்கிழமை சாப்பிடும்போது வீட்டுக்காரர், "டிப்போல எல்லாரும் உங்க படத்தைப் பத்தித்தான் பேசறாங்க. எனக்கு ஒரு டிக்கெட் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"ஹவுஸ்ஃபுல்ங்க" என்றார் அக்கா, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"புருஷனுக்குமா?"

"பாக்கறேன். உறுதி சொல்ல மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளி காரை விட்டு இறங்கியபோது வாசலில் கூட்டம் நெரிந்தது. மேனேஜர் இரண்டு நாளாக யார் போனையும் எடுக்காமல் படுத்திருந்தவர். தூக்குமேடைக்குப் போகிறவரைப்போல வந்தவர், கூட்டத்தைப் பார்த்து வேறு தியேட்டருக்கு வந்துவிட்டோமோ என்று போர்டை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே முதலாளி உட்கார ஒரு சீட் இல்லை. கடைசியில் புரொஜெக்டர் ரூமிலிருந்து ஆப்பரேட்டரின் ஸ்டூலைக் கொண்டுவந்து நடைபாதை ஓரத்தில் போட்டார்கள். முதலாளி அதில் உட்கார்ந்து, சுற்றிலும் நிறைந்து கிடந்த தலைகளைப் பார்த்தார். செருமவில்லை.

படம் எப்படிப் போயிற்று என்று கேட்டால், பாதித் தியேட்டர் நன்றாகத் தூங்கியது. டிராயிங் மாஸ்டர் அழுதார். மருந்துக்கடைக்காரருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று முதல்முறையாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால் அவர் கடைசிவரை வாயைத் திறக்காமல் பார்த்தார். வெளியே வந்தவர்கள் யாரும் படம் புரியவில்லை என்று சொல்லத் துணியவில்லை. ஹவுஸ்ஃபுல் ஆன படத்தை எப்படி நன்றாக இல்லை என்பது? "என்ன மழை!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதைக் கேட்டு அடுத்த வாரத்துக்கும் ஆள் வந்தது.

முதலாளி போகும்போது மருமகனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மேனேஜர் அந்தத் தோளை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

திங்கட்கிழமைதான் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்தார். பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரே ஆள் பேர்ல மொத்தத் தியேட்டரும் புக் ஆகியிருக்கு. அப்புறம் ஒவ்வொண்ணா பேர் மாறியிருக்கு. என்ன நடந்துச்சு?"

"சுத்துற அம்பை அமுக்கினேன் சார். கொஞ்சம் அதிகமா."

"கொஞ்சமா? யாரைக் கேட்டு இப்படிப் பண்ணீங்க? ஹவுஸ்ஃபுல் ஆகாததை ஹவுஸ்ஃபுல்னு ஊரையே ஏமாத்தியிருக்கீங்க! இது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா?" மேனேஜருக்கு முகம் சிவந்து, குரல் அறை முழுக்க ஒலித்தது.

அக்கா அவர் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தப்புதான் சார். ஆனா இப்ப பேசினீங்களே, குரல் கொஞ்சம்கூட நடுங்கல. நல்லாத் தேறிட்டீங்க" என்றார்.

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். இடது மூலையில் இருந்த அம்பைப் பார்த்தார். காதுமடல் இரண்டும் பழுத்துப்போயின.

"சரி... போய் வேலையைப் பாருங்க அக்கா" என்றார், மெதுவாக.

அந்த வாரமே வெப்சைட் செய்துகொடுத்தவர்களை வரவழைத்து, எத்தனை தடவை அம்பை அமுக்கினாலும் ஒருமுறைதான் பதிவாகும்படி மாற்றவைத்தார். இன்னொரு மாற்றமும் நடந்தது. அதை அக்கா மட்டும்தான் கவனித்தார். மதியம் வந்து உட்காரும்போது இடது அம்பு சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். அமுக்கினால் அசையாது.

"தம்பி, இது கெட்டுப்போச்சா?" என்று ஆப்பரேட்டரிடம் கேட்டார்.

"இல்லக்கா. பின்னாடி போக ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம். யாரோ எல்லாத்தையும் துடைச்சுட்டுப் போயிருக்காங்க."

"அப்படியா? அப்ப உங்க ரூம் கம்ப்யூட்டர்ல எப்படி?"

ஆப்பரேட்டர் விறுவிறுவென்று மாடியேறிப் போனார்.

ஓட்டை இருந்த காலம் முழுக்க, டிக்கெட் கணக்கை முடித்துவிட்டு அக்கா தியேட்டருக்குள் நுழைய இடைவேளை ஆகிவிடும். அத்தனை வருடத்தில் அவர் எந்தப் படத்தின் முதல் பாதியையும் பார்த்ததில்லை. இப்போது காட்சி தொடங்கும்போதே போன் ஓய்ந்துவிடுகிறது. ஒரு புதன்கிழமை மதியம், வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக, விளக்கணையும்போதே உள்ளே போய் உட்கார்ந்தார். ஓடியது ஒரு குடும்பக் கதை. ஒவ்வொருவராக வந்தார்கள்; யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு யார் மேல் என்ன கோபம் என்று எல்லாம் விளக்கமாகச் சொன்னார்கள். அக்கா இரண்டு தடவை கொட்டாவி விட்டார். இடைவேளைக்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டார்.

படிக்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆப்பரேட்டர், "என்னக்கா, படம் பிடிக்கலையா?" என்றார்.

"ஆரம்பத்துலயே எல்லாத்தையும் சொல்லிடறாங்களே தம்பி. அப்புறம் நாம உள்ள போய் என்ன பண்றது?" என்றார் அக்கா. "பாதி டீ எனக்கு ஊத்துங்க. இடைவேளை விட்டதும் போறேன்."